பின் இருக்கையில் பிரேக் கிடையாது

அன்புள்ள ஜெனி,

"நான் திரும்பவும் விழுவேனாம்மா?" என்று இன்று காலை கேட்டாய். நீ வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்து அடங்கும்வரை யோசித்துப் பார்த்தேன். "தெரியலையே" என்றேன். "ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லேம்மா" என்று நீ சிரித்தாய். கல்லூரியில் இத்தனை வருடம் இயற்பியல் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றுவிடுவேன். நீ தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் இந்த மாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதைப் பலரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நீ கட்டுகளோடு வீடு வந்த நாளிலிருந்து என்னால் ஏரிச் சாலையில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. மார்க்கெட்டில், கோயில் வாசலில், கல்லூரி ஸ்டாஃப் ரூமில், எல்லா இடத்திலும் அதே விசாரிப்பு. "பாப்பா எப்படி இருக்கு? நடக்குதா? இனிமே சைக்கிளு அவ்வளவுதானா?" எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இதுவே அவர்களுக்கும் பதிலாக இருக்கட்டும்.

அந்தச் செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். வேறு மாநிலத்தில் சைக்கிள் போட்டி, மலை இறக்கம், மழையில் நனைந்த ஒரு வளைவு, நீ. உன்னோடு ஓட்டும் பெண் ஒருத்தி போனில் பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்தன என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நானும் அப்பாவும் கிடைத்த ரயிலில் ஏறினோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் நான் உன் கட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். உன் அப்பா, "சைக்கிள் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். நீ கண்ணைத் திறந்து, "நல்ல கேள்விப்பா" என்றாய். அதன்பிறகு உங்கள் இருவரோடும் நான் சாயங்காலம்வரை பேசவில்லை. வேன் ஓட்டுகிறவர் அவர். யார் விழுந்தாலும் வண்டியைத்தான் முதலில் விசாரிப்பார் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு நீ சிரித்தாய் என்பதையும் பிறகுதான் கவனித்தேன்.

நீ இதோடு நிறுத்திக்கொள்வாய் என்று நான் எதிர்பார்த்தேன். இப்போது அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் சூரிய உதயமும் மலை உச்சியும் போட்டு, விழுந்தவர்கள் எழுவதைப் பற்றிய வாசகங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் ஒன்றாவது எலும்பு ஒன்றுசேர எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லுமா என்று பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. நீயும் அவற்றைப் படிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியதும் நீ செய்த முதல் காரியம், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் அந்த இரும்புத் தாங்கியை நடு அறையில் மாட்டியது. அது போட்ட சத்தம் இருக்கிறதே! பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் ஒருநாள் காலையில் ஊறவைத்த அரிசியும் உளுந்துமாக இரண்டு பாத்திரங்களோடு வந்து நின்றார். "என்னங்க, தெனமும் வெள்ளனே கிரைண்டர் சத்தம் கேக்குது, ஓட்டலுக்கு மாவு போடுறீங்களா? எங்க கிரைண்டர் ரிப்பேரு. இதையும் சேத்து ஆட்டிக் குடுத்துருங்களேன்" என்றார். நான் கதவை அகலத் திறந்து காட்டினேன். நீ வேர்வை சொட்டச் சொட்ட மிதித்துக்கொண்டிருந்தாய். டீச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு மிதி மிதிக்கிறா, சைக்கிளு நின்ன எடத்துலயே கெடக்கு. ஒரு கல்லை மாட்டி விட்டா மாவாவது அரைபடுமே" என்றார். உனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கால் நழுவியது. மாவை நம் வீட்டு கிரைண்டரில் ஆட்டிக் கொடுத்தேன். டீச்சர் ஒரு வாரம் நமக்கு இட்லி அனுப்பினார்.

அந்தச் சிரிப்பில் ஒன்று மறைந்துபோனது. மிதிக்கும்போது தொடையில் குத்துகிறது என்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை. மதுரை டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா உன்னை மிதிக்கச் சொன்னது?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. எலும்பு கூடுவது தாமதமாகிவிட்டது. மறுபடி வாக்கர். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை நீ வேன் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவர் பக்கம் திருப்பி, ஒரு போர்வையைப் போட்டு மூடினாய். முதல் விழுகையைவிட எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது. முதலாவதில் மழையைத் திட்டலாம். இரண்டாவதில் திட்டுவதற்கு உன்னைத் தவிர யாரும் இல்லை; நீ அதை நன்றாகவே செய்துகொண்டிருந்தாய். வலியை டாக்டரிடம் முழுதாகச் சொல் என்பதை அன்றைக்குச் சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். இங்கே சொல்கிறேன்: வலி உன் திறமையைக் குறைத்துக் காட்டுவதில்லை, அது ஓர் அளவீடு. அளவீட்டை மறைத்துவிட்டுச் சோதனையை நடத்தினால் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவிகளுக்கே தெரியும்.

அந்தப் போர்வை எப்படி விலகியது என்று யாராவது கேட்டால், உன் மன உறுதியைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. அந்த டிசம்பர் குளிரில் வீட்டில் இருந்த போர்வைகள் போதவில்லை. நீயே போய் அதை உருவிச் சித்திக்குக் கொடுத்தாய். விருந்தாளிகள் போனபிறகு மறுபடி மூடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்று நினைக்கிறேன். பிறகு நாம் அவற்றுக்குப் பெரிய பெயர் வைத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த நாள். சமதளத்தில் லேசாக மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மலை ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது? "ஏரியைச் சுத்தி டபுள் சைக்கிள் விடுறாங்கல்ல. முன்னால ஜெனி, பின்னால புரொபசரம்மா" என்றார் அப்பா. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இரண்டு சக்கரம் எப்படிச் சாயாமல் போகிறது என்பதைப் பலகையில் படம் போட்டு வருடாவருடம் விளக்குகிறேன்: ஓடும் சைக்கிள் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் விழத் தொடங்குகிறது, முன்சக்கரம் விழும் பக்கமே திரும்பி அதைத் தாங்கிக்கொள்கிறது, நிற்கும் சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. வாடகைக்கு விடுகிறவர் உன்னை மேலும் கீழும் பார்த்து, "பாப்பா, சைக்கிள் ஓட்டிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "கொஞ்சம் ஓட்டுவேண்ணே" என்றாய் பவ்வியமாக. அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, பின்னால உக்காருறவங்களுக்கு ஒரு சோலியும் இல்ல. சும்மா மிதிச்சுக்கிட்டே வாங்க. ஹேண்டில் பார் இருக்கும், ஆனா திரும்பாது. பின் இருக்கையில பிரேக்கும் கெடையாது."

"பயமா இருந்தா என்ன செய்றதுங்க?"

"கத்துங்க. எல்லாரும் அதத்தான் செய்றாங்க."

நான் கத்தினேன். படகுத்துறையிலிருந்து முதல் வளைவுவரை கத்தினேன். சோளக்கருது விற்கிற அம்மா கரியை விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தேனிலவுக்கு வந்த ஜோடிகள் மணி அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போனார்கள். ஒரு குதிரைகூடத் தாண்டியது. "அம்மா, நம்மளக் குதிரை முந்திருச்சு, நீ மிதிக்கிறியா இல்லையா?" என்று நீ கத்தினாய். பல மாதங்களாக உன் குரலில் அந்தத் திமிரை நான் கேட்டிருக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, புடவை ஓரம் கிரீஸ் ஆனது, என் மாணவிகள் இருவர் கரையில் நின்று வாயைப் பிளந்தார்கள். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தைப் பற்றி அதிகம் எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஆனால் ஏரிச் சாலையில் ஓரிடத்தில் லேசான சரிவு வரும். நடக்கும்போது தெரியவே தெரியாது. அங்கே உன் பிடரி இறுகியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் நீ இறுக்கிப் பிடித்ததில் சைக்கிள் நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜோடி நம்மேல் மோதாமல் தப்பியது புண்ணியம். "செயின் கழண்ட மாதிரி இருந்துச்சு" என்றாய். செயின் கழலவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ மறுபடி மிதித்தாய். நானும் மிதித்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அப்பா உன்னையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி வத்தலக்குண்டில் இறக்கிவிடுவார். நீ மலையேறி வீட்டுக்கு வருவாய். முதல்முறை வந்து சேர்ந்தபோது ரோஸ்லின் டீச்சர் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். நமக்கு ஆரத்தி எடுக்கும் வழக்கமில்லை என்று நான் சொன்னேன். "மலைய ஏறி வந்த புள்ளைக்கு எந்த வழக்கமா இருந்தா என்ன?" என்று சுற்றிவிட்டார். நேரம் குறைந்துகொண்டே வந்தது, தொடை பழைய பலத்துக்கு வந்தது, நாமெல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஒரு விஷயத்தை நாம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் நீ ஏறி வரும் வழியில் இருக்கும் பெருமாள்மலை டீக்கடைக் காதர் பாய். "என்னா பாப்பா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், சைக்கிள்ல ஏறிக்கிட்டே இருக்க, எறங்கி ஒருநாளும் பாக்கலையே! மேல எத்தனை பாப்பா ஸ்டாக் சேந்துருக்கு?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

போன வாரம் உன் அணியின் பயிற்சியாளர் போனில் பேசியது எனக்கும் கேட்டது. முகாமுக்கு வா, ஏறுவாய் என்று தெரியும், இறங்கிக் காட்டு, அதன்பிறகு அணியில் இடம் உண்டா என்று பார்க்கலாம் என்றார். அவர் கேட்டதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிறகு நீயே எங்களிடம் சொன்னாய்: நாளைக் காலை இங்கிருந்து சைக்கிளிலேயே வத்தலக்குண்டு வரை இறங்குவேன். முடிந்தால் அங்கிருந்து பஸ் பிடித்துத் திண்டுக்கல், அப்புறம் ரயில், முகாம். முடியாவிட்டால் பெருமாள்மலையில் நின்று அப்பா வேனில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், போட்டியெல்லாம் அதோடு முடிந்தது. அப்பா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவிய வேன்.

எனவே நாளைக்காக, எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். எலும்பு கூடுவதை எக்ஸ்ரே காட்டுகிறது. பயம் கரைவதைக் காட்ட எந்தக் கருவியும் இல்லை. அது போன பிறகுதான் இறங்குவது என்று முடிவு செய்தால், எப்போது போனது என்று உனக்கு யார் சொல்வது? அதே சமயம், பயமே இல்லாத மாதிரி நடிக்கவும் வேண்டாம். குத்துவலியை மறைத்த கதை போதும். பிரேக் பிடிக்கத் தோன்றினால் பிடி. பெருமாள்மலையில் நின்றுவிடத் தோன்றினால் நில். வேனில் ஏறினால் நானும் அப்பாவும் உன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவோம், வந்ததும் வெங்காய சாம்பார் வைப்பேன். நீ போட்டிக்கு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் குளிர்காலத்தில் சித்திக்குப் போர்வை கொடுக்கிற ஜெனிதான். இதை நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதிவிட்டேன்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஞாயிறு தேவாலயப் பூசை தவறாத உன் அப்பா, வேன் எஃப்.சி. தகுதிச் சோதனை முடிந்து வந்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் கிளப்ப மாட்டார். "வண்டிக்கு மதம் கெடையாது" என்பது அவர் கட்சி. நாளை உன் சைக்கிளுக்கும் வைக்கப் போகிறாராம். விரல் தடிமன் டயருக்கு அடியில் பழத்தை வைத்தால் நசுங்குவதற்குப் பதிலாக வழுக்கிவிடும், கிளம்பும்போதே விழவைப்பீர்கள் என்று நான் உராய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நீ அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாய். ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டேன். இந்த மாதிரி தோல்விகளில் எனக்கு வருத்தமில்லை.

உன் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நாளை நான் வேனில் பின்னால் வருவேன். அங்கேயும் என் பக்கம் பிரேக் கிடையாது.

மறுநாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. டயர் பட்டதும் வழுக்கி, வாசல் சரிவில் உருண்டு, ரோட்டில் இறங்கி ஓடியது. "ஏ புள்ள, அது ஒனக்கு முன்னால எறங்கிருச்சு பாரு!" என்று அப்பா கத்தினார். நீ சிரித்துக்கொண்டே அதைத் துரத்திக்கொண்டு போனாய். முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்தாய், சத்தம் கேட்டது. இரண்டாவதிலும், மூன்றாவதிலும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டும்போது நடந்து போகிறவர்களின் வேகத்தில் போனாய். பெருமாள்மலையில் நின்றாய். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றாய். அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. நான் ரோட்டைப் பார்த்தேன், சொன்னபடியே.

காதர் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா, மேல இருந்த ஸ்டாக்குல ஒண்ணு எறங்கிருச்சுடோய்!"

நீ அவருக்குக் கையை ஆட்டினாய். வேன் ஜன்னலுக்கு வந்து, "அம்மா, பின்னாலயே வருவியா?" என்றாய்.

"வருவேன்."

"அப்பா ஹார்ன் அடிக்கக் கூடாது."

"அடிக்க மாட்டாரு."

பிறகு நீ போனாய். எவ்வளவு வேகம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உன் முதுகு மறைந்து, அடுத்த திருப்பத்தில் தெரிந்தது. பிரேக் சத்தம் குறைந்ததா, எனக்குக் காது அடைத்துவிட்டதா, தெரியவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் டூரிஸ்ட் பஸ்ஸும் கேரட் லாரியும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றன. நீ இடையில் புகுந்து போய்விட்டாய். நாங்கள் மாட்டிக்கொண்டோம். டிரைவர்கள் இறங்கி யார் பின்னால் எடுப்பது என்று சாவகாசமாகப் பேசினார்கள். "வெரசா எடுங்கப்பா, எங்க புள்ள கீழ போயிருச்சு" என்று அப்பா கெஞ்சினார். போனில் சிக்னல் இல்லை. நான் கத்தவில்லை. கத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், வாழைப்பழக்காரம்மா கடையில், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து நீ பழம் தின்றுகொண்டிருந்தாய். முழங்கையில் ரத்தம். வேன் நின்றதும் இறங்கி ஓடி வந்தேன்.

"விழுந்துட்டேம்மா" என்றாய், வாய் நிறையப் பழத்தோடு.

"எந்த வளைவுல?"

"வளைவுலெல்லாம் இல்ல. இங்கதான். எறங்கி முடிச்ச சந்தோஷத்துல பெடல்ல இருந்து ஷூவைக் கழட்ட மறந்துட்டேன்."

உன் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை. குதிகாலைத் திருப்பினால்தான் விடும். மலை முழுதும் இறங்கி வந்து, பிரேக் பிடித்து, ஆடாமல் அசையாமல் நின்று, அப்படியே பக்கவாட்டில் வாழைத்தார்கள்மேல் சாய்ந்திருக்கிறாய். கடைக்காரம்மா இன்னும் ஆச்சரியம் தீராமல் இருந்தார். "ஓடுற சைக்கிள்ல விழுந்தவங்கள எம்புட்டோ பேரப் பாத்துருக்கேன் தாயி. நின்ன சைக்கிள்ல இருந்து விழுந்த புள்ளைய இன்னைக்குத்தேன் பாக்குறேன்!" நசுங்கிய பழங்களுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பார்த்த வேடிக்கைக்கு அது சரியாகப் போய்விட்டதாம். அப்பா சைக்கிளை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார். இந்தமுறை மூன்று பேரும் சிரித்தோம்.

ஆகவே, நேற்றுக் காலை நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஜெனி. விழுந்தாய். முழங்கையில் சிராய்ப்பு, மருந்து போட்டாயிற்று. கண்டக்டர் சைக்கிளுக்கும் டிக்கெட் போட்டார். திண்டுக்கல் பஸ்ஸில் உனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.

அன்புடன்,
அம்மா